பூஜையில் வைக்காத புத்தகம்

விஜயதசமி, 1979. காலை.

தனபாலன் தம்பிக்கு,

குழந்தைக்கு ‘அ’ எழுத வைக்க அண்ணனும் நானும் வடபழனி கோயிலுக்குப் போகிறோம். சாவி பக்கத்து வீட்டு அமீனா பீ அக்காவிடம். இட்லி பானையில் இருக்கிறது. நேற்று நீங்கள் கோபத்தில் தொடாமல் போன சுண்டலும் இருக்கிறது. ஊசிப்போகவில்லை, மோந்து பார்த்தேன்.

“கறுப்புச் சட்டையும் கண்ணுக்கு மையும் போட்ட வெள்ளைக்காரப் பாட்டுக்காரங்க இங்கிலீஷ் புஸ்தகத்தைச் சரஸ்வதி முன்னால வைக்க மாட்டேன்” என்றேனல்லவா? நீங்கள் போனதும் அதைப் பரணில் போடத்தான் எடுத்தேன். மற்றதெல்லாம் பூஜையில். இன்று காலைவரை தொடக்கூடாது. வீட்டில் படிக்க மிஞ்சியது அது ஒன்றுதான். திறந்துவிட்டேன்.

அகராதியும் பூஜையில் இருந்தது. தெரியாத சொல்லையெல்லாம் தாண்டித் தாண்டி எண்பது பக்கம் படித்தேன். அதில் வருகிற ஒரு மில் ஊர்ப் பாடகன், அடுத்த அறையில் அக்கா குழந்தை தூங்குகிறதென்று அடிக்குரலிலேயே பாடிப் பழகினானாம். இன்று அந்தக் குரலுக்கு ஆயிரம் பேர் மூச்சடக்கி நிற்கிறார்களாம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது, தம்பி. ஆட்டுக்கல் சத்தத்துக்குள் மட்டும் பாடுகிறவள் நான்.

விடிந்ததும் பூஜை அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்துக் குங்குமம் இட்டேன். “இது என்ன புள்ள?” என்றார் அண்ணன். “படிச்சுப் பாருங்க” என்றேன்.

அண்ணி
தங்கபுஷ்பம்

பாலை மூடி வையுங்கள். பூனை வருகிறது.

இன்னொன்று. இன்றைக்கு நீங்கள் முதலில் படிப்பது அந்தப் புத்தகமாகவே இருக்கட்டும். நான் நிறுத்திய பக்கத்தில் பூஜைப் பூ வைத்திருக்கிறேன். நான் வரும்வரை அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.