ஓபல் ரீன் பாடிய மதியம்

டுலூத், மே 4

மாரிட்டுக்கு,

நலமா? நேரில் பேசினால் சண்டையாகிறது, எழுதிவிடு என்றார் வக்கீல். எழுதுகிறேன்.

சனிக்கிழமைச் சந்திப்பில் நம் மகள் லின்னியாவிடம் பேச எனக்கு விஷயமே இருப்பதில்லை. அதனால் அவள் டிவியில் பார்க்கும் ‘தவளைக் குளம்’ நிகழ்ச்சியைத் தினமும் காலையில் நானும் பார்க்கிறேன். சிரிக்காதே. பச்சைத் துணிப் பொம்மைகளுக்கு நடுவே வாரம் ஒரு புதுப் பாடகரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இருபது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன் நான். இவர்களில் ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை. ஓபல் ரீன் என்று ஒருத்தி, அக்கார்டியன் வாத்தியத்தோடு, பல் தேய்க்க மறுக்கும் முதலையைப் பற்றிப் பாடினாள். அன்றே அவள் பெரியவர்களுக்காகப் பாடிய இசைத்தட்டையும் தேடி வாங்கிவிட்டேன்.

லின்னியாவுக்கும் அவள்தான் உயிராம். ஜூன் 8 மதியம் ஏரிக்கரைப் பூங்காவில் பாடுகிறாள். குழந்தையை நான் அழைத்துப் போகட்டுமா?

ராய்ஸ்

மே 11

ராய்ஸுக்கு,

இங்கே நலம். ஓபல் ரீனை எனக்கும் பிடிக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு வந்து கேட்டேன். இந்த ஒரு சந்தோஷத்தையாவது உன் வாடை இல்லாமல் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

முடியாது. இரண்டு வருஷம் முன் பாட்டுக் கேட்கப் போய், நாலு வயதுப் பிள்ளையைப் பூட்டிய காரில் தூங்கவிட்டு, மதுக்கூடத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றாய். போலீஸ்தான் கண்ணாடியை உடைத்து அவளை எடுத்தது. நீ வெளியே வந்து, “அவ தூங்கத்தானே செஞ்சா?” என்றாய். அதை நான் மறக்கவில்லை.

சந்திப்பு, கோர்ட் சொன்ன அந்த அலுவலக அறையில், மேற்பார்வையாளர் முன்னால் மட்டும். பூங்காவுக்கு நான் கூட்டிப் போகிறேன். நீ வரக் கூடாது.

மாரிட்

மே 15

மாரிட்,

நான் குடியை விட்டுப் பதினெட்டு மாதம் ஆகிறது. அதை ஒருவரும் கேட்பதில்லை. பூங்கா ஊருக்குப் பொது. வருவேன். தள்ளி நிற்பேன்.

ராய்ஸ்

ஜூன் 9

ராய்ஸுக்கு,

நேற்று ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்ததும் போலீஸைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் முதலைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நான் அந்தப் பாட்டில் கரைந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. திரும்பினால் பக்கத்தில் குழந்தை இல்லை.

நீ ஓடி வந்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “மேடப் பக்கம் நீ பாரு, தண்ணிப் பக்கம் நான் போறேன்” என்றாய். அவள் கரைச்சுவர் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நீ அவளுக்கு நாலடி பின்னால் நின்று, தொடாமல், கூப்பிடாமல், எனக்குக் கை காட்டினாய். நான் வந்து அவளைத் தூக்கியதும் போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே அவள், “அம்மா, நான் அங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள். அப்பா என்று சொன்னேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வா. ‘தவளைக் குளம்’ முடியும் வரை நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

அழைப்பு மணி கெட்டுக் கிடக்கிறது. கதவைத் தட்டு.

மாரிட்