பக்கத்துக் கோடுகளைக் கையால் மூடவும்

மார்ச் 4, திங்கள்

கண்காணிப்பாளர் இன்று என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். ஏதோ விருது வழங்குவதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். உள்ளே, துப்பாக்கி மாதிரி கைப்பிடி வைத்த ஒரு ஸ்கேனர். மேலே செல்போன் அளவுக்கு ஒரு திரை.

"இனிமே உங்க ஸ்டோர்ல நோட்டே வேண்டாம் மேடம். உள்ள வர்றது, வெளிய போறது, எல்லாம் இதுல அடிச்சா போதும். யாரு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அடிக்கிறாங்கன்னு நான் இங்க உக்காந்தே பாத்துக்குவேன்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மருத்துவமனையின் கீழ்த்தள ஸ்டோரில் ஆயிரத்து நூறு வகைப் பொருள். ஊசி, பஞ்சு, குழாய், மாஸ்க், கையுறை. ஆட்கள் இரண்டே பேர். பொறுப்பாளர் நான். ரேக் வேலைக்கு ஏணி அண்ணன். கையில் பெட்டியோடு பிடிக்காமலே ஏணி ஏறுவார் என்று அந்தப் பெயர். போன வருடம் முட்டி போனதிலிருந்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. "அவரை வாசல் காவலுக்குப் போட்டுட்டு வேகமான ஆள் ஒருத்தர் தரட்டுமா?" என்று கண்காணிப்பாளர் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று. வாசல் என்றால் எட்டு மணி நேரம் நிற்கும் வேலை. அந்த முட்டியோடு.

இப்போது கையில் கணக்கும் வந்துவிடும். யார் மெதுவென்று மெஷினே சொல்லிவிடும்.

மார்ச் 5, செவ்வாய்

நாள் முழுக்க வீண். முழு நாள்!

இந்த மெஷினுக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பட்டனை அமுக்க முடியாதாம். கூட வந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்துப் பார்கோடு அச்சிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. வேண்டியதை அதற்குக் காட்ட வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் காட்டியது 'படித்ததும் அடுத்த வரிக்குப் போ'. அது படித்தது அதற்குக் கீழே இருந்ததை. சத்தம் நின்றுவிட்டது. சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரப் போனேன். திரை முழுக்க யாருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழி வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு நம்மகிட்ட பேசப் பிடிக்கல போலம்மா" என்றார்.

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு கிடைத்தார். "பக்கத்துல இருக்குற கோடு எல்லாத்தையும் கையால மூடிக்கிட்டு, வேண்டியதை மட்டும் காட்டுங்க மேடம்" என்றார். இவ்வளவுதானா? இதை அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயாவது போட்டுத் தொலைத்தால் என்ன?

வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினேன். லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் ஒரே கேள்விதான். "புத்தகத்தை முழுசா படிச்சியா?"

எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

வைஃபை நான்காவது ரேக் வரை வருகிறது. மொத்தம் எட்டு ரேக். ஆள் அனுப்புகிறார்களாம். எப்போது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை.

மார்ச் 8, வெள்ளி

மூன்று நாளாக லேபிள் ஒட்டுகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் தட்டில் ஒரு லேபிள். அதைச் சுட்டுவிட்டு, எத்தனை எடுத்தோம், எத்தனை வைத்தோம் என்று எண்ணை அடிக்க வேண்டும். ஒரு முழத் தூரத்துக்குள் இருந்தால்தான் படிக்கும். அப்படியென்றால் மேல் தட்டில் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஏணி. முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை ஏறி, வேண்டியதையெல்லாம் இறக்கிக்கொண்டு, நோட்டில் ஒரே வரியாக எழுதிவிடுவார். இனி திங்கள்கிழமைதோறும் ஸ்டாக் எண்ணவும் வேண்டுமாம். மேல் தட்டில் மட்டும் நாற்பத்தாறு லேபிள்.

அண்ணன் மத்தியானம் முட்டியில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

மார்ச் 13, புதன்

முதல் பட்டியல் வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அதை வண்ணத்தில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார். நான்: மணிக்கு எழுபத்தொன்று. அண்ணன்: மணிக்குப் பத்தொன்பது, சிவப்பு எழுத்தில். கீழே கையெழுத்தில், 'மாத முடிவில் முடிவெடுக்கலாம்.'

சிவப்பு எழுத்து. அவர் பள்ளிக்கூடப் பையனா?

மார்ச் 14, வியாழன்

மண்டையில் பல்ப் எரிந்தது. மேல் தட்டு லேபிள்கள் நாற்பத்தாறையும் இன்னொரு பிரதி அச்சடித்தேன். ஒரு பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டி என் மேஜையில் கட்டிவிட்டேன். இனி மேலேயிருந்து எதை எடுத்தாலும் கீழே உட்கார்ந்து அட்டையில் சுட்டுக்கொள்ளலாம். வைஃபை தொல்லையும் இல்லை. திங்கள்கிழமை எண்ணிக்கைக்கும் அதுவே போதும். லேபிளைச் சுட்டால் திரையே பழைய எண்ணைக் காட்டுகிறது. 'சரி' என்று அமுக்கினால் முடிந்தது.

அண்ணன் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மேல என்ன இருக்குன்னு பாக்காம எப்படிம்மா சரின்னு அமுக்குறது?"

"அதான் திரை சொல்லுதுல்ல அண்ணே. அதைவிட உங்களுக்கு அதிகமா தெரியுமா?"

அவருடைய லாகினை வாங்கி, மெஷினில் அவர் பெயரைப் போட்டு, நானே சுட ஆரம்பித்தேன். பட்டியலில் அவர் எண் ஏற வேண்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 20, புதன்

இந்த வாரப் பட்டியல். அண்ணன்: மணிக்குத் தொண்ணூற்று நான்கு. என்னையும் முந்தி முதலிடம்! கண்காணிப்பாளர் கீழே இறங்கி வந்து அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 22, வெள்ளி

அண்ணன் முட்டி டாக்டரிடம் போயிருந்தார். தனி ஆளாய் அல்லாடினேன். வெளிநோயாளர் பிரிவில் குழந்தை மாஸ்க் பதினான்கு கேட்டார்கள். ஏழாவது ரேக், மேல் தட்டு. எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. மூன்று படி ஏறி, எட்டிக் கையை விட்டுத் துழாவி, பையோடு உருவிக் கொடுத்தனுப்பினேன். மேஜைக்கு வந்து அட்டையில் சுட்டேன். அதற்குள் போன். போனில் யார் என்றால், வைஃபை ஆள் அடுத்த மாதம்தான் வருவார் என்று சொல்ல ஒருவர். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

மார்ச் 25, திங்கள்

வார எண்ணிக்கை மூன்றே நிமிடத்தில் முடிந்தது. இந்த மெஷின்மேல் முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

பத்தரை மணிக்குக் குழந்தைகள் வார்டு சிஸ்டர் படியிறங்கி ஓடி வந்தார். அவர் போன்தான் செய்வார், வரவே மாட்டார். "குழந்தை ஆக்சிஜன் மாஸ்க் ஒண்ணு, சீக்கிரம்! எங்ககிட்ட இருந்த கடைசி ஒண்ணும் கிழிஞ்சிருக்கு."

நான் மெஷினைப் பார்த்தேன். பதினான்கு என்றது. "இருக்கு சிஸ்டர், இதோ" என்றேன். அண்ணன் அதற்குள் ஏணியில் இருந்தார். அவ்வளவு வேகமாக அவர் ஏறி இந்த வருடம் நான் பார்த்ததில்லை. பெட்டியை இழுத்தார். உள்ளே கையை விட்டார்.

"காலிம்மா."

"பதினாலு இருக்குண்ணே, நல்லா பாருங்க!"

"காலிம்மா. வெறும் பெட்டி."

சிஸ்டர் அதற்குள் படியேறிவிட்டார். அடுத்த கட்டடம் வரை ஓடி, வெளிநோயாளர் பிரிவில் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். பதினொரு நிமிடம். நான்கு வயதுப் பெண் குழந்தை. மூச்சிரைப்பு. அதுவரை பெரியவர்கள் மாஸ்க்கைக் கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

மத்தியானம் சிஸ்டர் போன் செய்தார். "இப்ப நல்லா இருக்கா. ஆனா அந்த அம்மா முகத்தை நீங்க பாக்கல மேடம். நான் பாத்தேன்."

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 27, புதன்

அது எப்படி வெளிநோயாளர் பிரிவில் மட்டும் மாஸ்க் இருந்தது? ராத்திரி முழுக்க இது குடைந்தது. காலையில் சீக்கிரமே போய் அட்டையை எடுத்தேன். குழந்தை மாஸ்க் லேபிளைச் சுட்டேன். திரையில் 'பெரியவர் மாஸ்க்' என்று வந்தது. மறுபடி சுட்டேன். பெரியவர். மூன்றாம் தடவைதான் குழந்தை. இரண்டு லேபிளையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கோட்டைப் படித்துவிட்டு அது பாட்டுக்குப் பீப் அடிக்கிறது. அடப்பாவி, புத்தகத்தில் செய்த அதே வேலை!

வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பிய பதினான்கும் பெரியவர் கணக்கில் கழிந்திருக்கிறது. பெரியவர் மாஸ்க் திரையில் ஆறு, தட்டில் இருபது. கடைசிப் பையை உருவியதும் நான், பெட்டியைப் பார்க்காததும் நான், திங்கள்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து சரி சரி என்று அமுக்கியதும் நான்.

பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜையில் காகிதம். "திங்கக்கிழமை மேல் தட்டு நாற்பத்தாறு லேபிள், மூணு நிமிஷம். லாகின் உங்களுது. என்னய்யா, பறந்தீங்களா?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க செஞ்சேன். முட்டி வலி. ஏறாம அடிச்சுட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்களிலிருந்து வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கீழே வந்ததும் வெடித்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? யார் கேட்டா உங்களை?"

"எப்படியும் என்னை வாசலுக்கு அனுப்பத்தான் போறாங்க. ரெண்டு பேரு எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டுப் பஞ்சுக் கட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைப் படிச்சியா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "மேல ஏறிப் பாக்காமலே லிஃப்ட் சரியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா, நீ அதுல ஏறுவியா?" என்றார்.

போதும். இதுக்கு மேல என்ன கேக்கணும்? வெக்கமா இருக்கு. எனக்கே என்னைப் பாக்கப் பிடிக்கல.

மார்ச் 28, வியாழன்

அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கண்காணிப்பாளர் மேஜையில் போட்டேன். ஒட்டியது, அண்ணன் லாகினில் அடித்தது, வெள்ளிக்கிழமை எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது அவருக்கு. "ஒரு பொறுப்பாளர் பண்ற வேலையா இது? நேத்து ஏன் வாயைத் திறக்கல?"

"பயம் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மணிக்கு எத்தனைன்னு கேட்டீங்க, கொடுத்தோம். தட்டுல எத்தனைன்னு யாராவது கேட்டீங்களா சார்? அவசரத்துக்கு வேண்டியதைப் போய் மேல் தட்டுல வச்சது யாரு? நான்தான். அதையும் எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசலுக்கு ஒரு ஆள் தர்றதா எழுதிக் கொடுத்தாச்சு. யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்."

"நான் போறேன் சார்." யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் காலில் வலி தெரிந்தது, இன்னும் நிற்கவே ஆரம்பிக்காத காலில்.

மார்ச் 29, வெள்ளி

பொறுப்பாளர் பதவி போயிற்று. மூன்று மாதம் வாசல், பிறகு பார்க்கலாமாம். அட்டையைக் கண்காணிப்பாளர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாட்சியாம்.

சிஸ்டரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

வாசல். காலை ஏழு மணி. தலைமைக் காவலர் என் கையில் எதைக் கொடுத்தார் தெரியுமா? அதே துப்பாக்கி. அதே கறுப்புக் கைப்பிடி. பார்வையாளர் சீட்டையெல்லாம் இனிமேல் இதில்தான் சுட வேண்டுமாம்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட ஒரு கை காலியாக இல்லை.

ஏப்ரல் 4, வியாழன்

கணுக்கால் வீங்கியிருக்கிறது. இவர் ஈரத் துணி கொண்டுவந்து கொடுத்தார்.

ஏப்ரல் 15, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வாசலுக்கு வந்தார். குழந்தை மாஸ்க், குழாய், அவசரத்துக்கு வேண்டியது எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கியாயிற்றாம். மேலே பஞ்சு மட்டும்தான். "இப்ப எவ்வளவுண்ணே வருது பட்டியல்ல?" என்று கேட்டேன். "இருபத்தி ரெண்டு. செவப்புலதான் வருது" என்றார். "மாஸ்க் பதினெட்டு இருக்கும்மா. காலைல எண்ணினேன்."

சாயங்காலம் ஒரே கூட்டம். ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. தன் சீட்டையும் குழந்தை சீட்டையும் சேர்த்துப் பிடித்து நீட்டினார். சுட்டேன். அம்மா பெயர். மறுபடி சுட்டேன். மறுபடியும் அம்மா பெயர். பின்னால் இருந்தவர் 'சீக்கிரம்மா' என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். அம்மாவின் கோட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குழந்தையின் சீட்டை மட்டும் காட்டினேன். குழந்தைகள் வார்டு, மறுபரிசோதனை, வயது நான்கு. அவள்தானா என்று கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

திரை 'இரண்டு பேர்' என்றது. நிமிர்ந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர்தான். போகச் சொன்னேன்.