ஒரு குடும்பம் என்பது ஓர் அடுப்பு

மார்ச் 4
உணவு உதவி அலுவலகத்தில் எனக்குப் புதிய வேலை. தகுதி இருந்தும் நூற்றுக்கு நாற்பது குடும்பங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று நான் அறிக்கை எழுத வேண்டும். அந்த நாற்பதில் ஒன்று என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அத்தான் இறந்த பிறகு அக்காவும் இரண்டு பெண்களும் பின்னறையில் இருக்கிறார்கள். அக்காவுக்குத் தையற்கடையில் பொத்தான் கட்டும் வேலை. மாதக் கடைசியில் இடைக்கதவு வழியாக எங்கள் குழம்பு அங்கே போகும். எங்களுக்கே இழுபறி என்பதால் குழம்பு மட்டும்.

விண்ணப்பிக்கச் சொன்னதும் அக்கா கேட்டாள்: “உன் ஆபீஸ் வாசல்லயே வந்து வரிசையில நிக்கவா? உன் மானம் கப்பலேறணுமாடா?”

என் மானத்துக்குக் கப்பல் எதற்கு, தோணியே போதும் என்றேன். சிரித்தாள். சம்மதித்துவிட்டாள்.

மார்ச் 6
படிவம் பதினொரு பக்கம். பசிக்கிறதா என்பதைத் தவிர எல்லாவற்றையும் கேட்கிறது. ஏழாம் பக்கம்: ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் ஒரே குடும்பம். என் சம்பளத்தைச் சேர்த்தால் அவளுக்குத் தகுதி இல்லை. தனி அடுப்பு என்றால் உண்டு. அவளுக்குத் தனி அடுப்பு இருக்கிறது. கவலை இல்லை.

மார்ச் 13
ஆய்வாளர் வந்தார். ஆபீசர் வருகிறாரே என்று அக்கா அடுப்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். அழுக்காகிவிடக் கூடாதென்று காலையில் பற்றவைக்கவே இல்லை. என் மனைவி, “அண்ணி, இன்னைக்கு நம்ம வீட்டுச் சாப்பாடே இருக்கட்டும்” என்று கேரியரில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

ஆய்வாளர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. கேரியரைத் திறந்து பார்த்தார். சூடாக இருந்தது. ‘ஒரே அடுப்பு’ என்று எழுதிக்கொண்டார்.

மார்ச் 14
நிராகரிப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 18
மேல்முறையீடு. முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு முறை வருவார்களாம். ஆய்வாளர் நல்ல மனிதர்; தேநீர்க் கடையில் தணிந்த குரலில் சொன்னார்: “அந்த இடைக்கதவை மொதல்ல மூடுங்க சார். ஒரு கிண்ணம் அங்கிட்டு இங்கிட்டு போச்சுன்னாலும் நான் எழுதித்தான் ஆகணும்.”

தாழ்ப்பாள் வாங்கி வந்து எங்கள் பக்கம் பொருத்தினேன்.

மார்ச் 29
மாதக் கடைசி. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இடைக்கதவு தட்டப்பட்டது. சின்னவள். “அத்தே, என்ன குழம்பு?”

உடனே அக்காவின் குரல்: “இந்தப் பக்கம் வாடி. உதவி கார்டு வர்ற வரைக்கும் அது நம்ம வீடு இல்ல.”

மனைவி எழுந்தாள். “இன்னைக்குப் பார்த்து ஆய்வாளர் வந்துட்டா?” என்றேன். உட்கார்ந்தாள். அதற்குமேல் இருவரும் சாப்பிடவில்லை. அப்படியே இருந்த குழம்பை ஏன் அவர்களுக்குக் கொடுக்கவில்லை? விதி. யார் போட்ட விதி? நான் பொருத்திய தாழ்ப்பாள்.

ஏப்ரல் 9
ஆய்வாளருக்கு வேறு பணி. மறு ஆய்வு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு. என் அறிக்கை முடிந்தது. முக்கியக் காரணம்: மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. அதிகாரி பாராட்டினார்.

ஏப்ரல் 22
அக்கா அலுவலகத்துக்கே வந்து, வரிசையில் நின்று, என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். ‘உதவி தேவையில்லை.’

“என்னக்கா இது?”

“சாப்பிட்டேனான்னு அடுப்பைத் தொட்டுப் பாக்கிற ஆளுக்காக எத்தனை நாள்டா கதவைச் சாத்தி வைக்கிறது? போதும்.”

தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களைத் தகுதிப் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கம். நீக்கினேன். தகுதி இருந்தும் உதவி பெறாத குடும்பங்களில் ஒன்று குறைந்தது.

ஏப்ரல் 23
வீட்டுக்கு வந்ததும் தாழ்ப்பாளை எடுத்தேன். மனைவி குழம்புக் கிண்ணத்தோடு பின்னால் நின்றாள். தள்ளினேன். கதவு அசையவில்லை.

அந்தப் பக்கம் அக்காவும் ஒன்று போட்டிருக்கிறாள்.