சங்கு என்ற வார்த்தை

இராயபுரம்
அக்டோபர் 14

அன்பு மகள் ஆன்சிக்கு நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இருக்கிற வலிகளோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. அம்மாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை, ஆனால் வாய் பழையபடி வந்துவிட்டது, நேற்று மீன்காரம்மாவிடம் வவ்வால் மீன் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டிருப்பாள், அவளிடம் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் கடிதம். உன் தம்பி அலெக்ஸாண்டரைப் பற்றித்தான். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜனவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் முப்பத்தாறு வயசுப் பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்த என் ஒருவனால் முடியவில்லை என்றுதானே ஏப்ரலில் திருவொற்றியூர் பக்கத்து இல்லத்தில் சேர்த்தோம். பழகும்வரை மூன்று மாதம் வராதீர்கள் என்றார்கள், போகவில்லை. அப்புறம் போனபோதெல்லாம் முன்னறையில் அரைமணி நேரம் காட்டுவார்கள், தலை வாரி பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். வாரா வாரம் வாட்ஸப்பில் போட்டோ, கீழே அமைதியாக இருக்கிறார் என்று ஒரு வரி. நீயும் பார்த்துவிட்டு நல்ல இடம் நைனா என்றாய், நானும் மாதா கோயிலில் எல்லோரிடமும் பையன் செட்டிலாகிவிட்டான் என்று பெருமையடித்துக்கொண்டேன். வீட்டில் ஒரு நிமிஷம் வாய் மூடாதவன் எப்படி அமைதியானான் என்று கேட்கத் தோன்றவில்லை பார், அதுதான் என்னைத் தின்கிறது.

போன மாதம் கடைசி ஞாயிறு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் மட்டும் போனேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை முட்டியோடு இடித்துக்கொண்டிருந்தான், அது எதற்கென்று உனக்கே தெரியும். சங்காடா கண்ணு என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு வாசலில் நின்ற ஆயாவைப் பார்த்தான் ஆன்சி. அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். நானே கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போனேன், பேன்ட்டைக் கழற்றினால் உள்ளே குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி பெரிய டயாபர், தொடையெல்லாம் வெந்து சிவந்து கிடக்கிறது. உட்கார்ந்து போய்விட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரிப்பைப் பார்த்தேன்.

பொறுப்பாளர் அம்மாவிடம் கத்தினேன், ஹார்பரில் கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, கட்டடமே திரும்பிப் பார்த்தது. அவர் அலட்டிக்கொள்ளாமல் ஏப்ரலில் நான் நிரப்பிய ஃபாரத்தை எடுத்து முன்னால் வைத்தார். கழிவறை போக வேண்டுமென்றால் தானே சொல்வாரா என்ற இடத்தில் நன்றாகச் சொல்வார் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எப்படிச் சொல்வார் என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். பையன் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துச் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒன்று, இதையெல்லாம் போய் எழுதுவதா என்ற வெட்கம் ஒன்று. கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா அவனைக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பழக்கியதும், கம்பெனி மூடி சங்கு நின்று இருபது வருஷமாகியும் அவனுக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் சங்குதான் என்பதும் நம் நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? நம் பக்கத்தில் சங்கு என்றால் ஊருக்கெல்லாம் வேறு அர்த்தம் அல்லவா.

வாசலில் நின்ற அந்த ஆயாவின் பெயர் சைமா, புளியந்தோப்பிலிருந்து வருகிறாள். அவள்தான் என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திச் சொன்னாள். “பக்கத்து பெட்டு பெரியவரு செத்துப்போன வாரம் சார், இவரு இன்னாடான்னா சங்கு சங்குன்னுகினே கீறாரு, அடுத்து நமக்குத்தான் சாபம் வுடறாருன்னு அல்லாரும் பயந்துட்டாங்க, வாயைப் பொத்து வாயைப் பொத்துன்னு சொல்லியே பழக்கிட்டாங்க, நானும்தான் சொன்னேன் சார்” என்று அழுதாள். பதினோரு பேருக்குப் பகலில் அவள் ஒருத்தி. டயாபர் கட்டிவிட்டால் ஆளுக்கு ஆள் ஓட வேண்டாம் பார், அதுதான் கதை.

அன்றைக்கே கூட்டிவந்துவிடலாம் என்று அவன் சட்டைகளைப் பையில் திணித்துவிட்டேன். சைமாதான் குறுக்கே நின்றாள். “நீங்க இட்டுகினு பூட்டா இவரு பொழச்சாரு, மீதி பத்து பேரு இன்னா சொல்றாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தாலும் என் எழுபத்திரண்டு வயசு எத்தனை நாளைக்கு. பையைத் திரும்ப வைத்துவிட்டேன், கோழைத்தனமா புத்தியா என்று இன்னும் தெரியவில்லை.

நீ வேலை பார்க்கும் இல்லத்தில் ஒவ்வொருவர் கட்டிலருகிலும் அவர் பேசுகிற விதத்தை எழுதி ஒட்டுவோம், இவனுக்கும் எழுதிக் கொடுங்கள் என்று நீ ஏப்ரலிலேயே சொன்னாய். இவன் என்ன எலெக்‌ஷனில் நிற்கிறானா போஸ்டர் ஒட்ட என்று சிரித்தேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் போகிறேன், மற்ற பத்துப் பேரின் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறேன், ஏழு பேருக்கு ஒட்டியாயிற்று, மூன்று வீட்டில் போனே எடுக்கவில்லை. பொறுப்பாளர் அம்மா இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார், ராத்திரிக்கு டயாபர் நிற்கவில்லை, ஆனால் புண் ஆறிவிட்டது. கிறிஸ்துமஸ் வரை பார்ப்பேன், சரிவரவில்லை என்றால் கூட்டிவந்துவிடுவேன். போன வெள்ளி நான் ஜன்னல் பக்கம் நின்றேன், அவன் கையைப் பாதி தூக்கி வாய்க்குள்ளேயே சங்கு என்றான், சைமா சோற்றுக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வா ராஜா போலாம் என்று ஓடி வந்தாள்.

அவனுக்கான தாளில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன், அவன் சொல்வது, நாம் செய்ய வேண்டியது. அம்மாவும் நானும் யோசித்து யோசித்துப் பத்தொன்பது வார்த்தை எழுதினோம். எங்களுக்குப் பிறகு அவன் பாஷை தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்தி, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உனக்கு ஞாபகம் வருவதையெல்லாம் எழுதி அனுப்பு.

உங்கள் மூவர் நெற்றியிலும் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறேன், ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கட்டும், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஒன்று மறந்துவிடாதே. சாயங்காலமானால் வாசல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டு ஞாஞ்சி ஞாஞ்சி என்கிறான், சைமா அர்த்தம் கேட்டாள், ஆன்சி, அவன் அக்கா என்று சொன்னேன். இருபதாவதாக அதையும் எழுதிவிட்டேன். பக்கத்தில் நாம் செய்ய வேண்டியது என்ற இடம் காலியாக இருக்கிறது, அதை நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா,
ஞானம்