முப்பத்தாறு வயதில் உட்காரப் பழகியது

பிப்ரவரி 3, திங்கள்

பயிற்சியின் முதல் நாள். கொரட்டூரில் ஆறு மணி ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, எட்டுக்கெல்லாம் மீனம்பாக்கம் போய்விட்டேன். வகுப்பறைக் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த பதினெட்டுப் பேரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் பயிற்சியாளர் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் உங்களோடு படிக்க வந்தவள்தான் என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போனதும் ஒரே சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன்.

நிஜமான பயிற்சியாளர் பிறகு வந்தார். பெயர் எழில், இருபத்தெட்டு வயது. என்னைவிட எட்டு வயது சின்னவர். பட்டியலில் சாமுண்டீஸ்வரி என்ற பெயரை முழுசாக வாசித்து முடித்து மூச்சு வாங்கினார் பாவம்.

வெள்ளிக்கிழமை வரை அம்பத்தூரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். பதினான்கு வருடம். விமானப் பணிப்பெண் வேலைக்கு வயது உச்சவரம்பு கிடையாது என்று ஒரு கம்பெனி விளம்பரம் போட்டது. எட்டாவது படிக்கிற என் மகள் தேவிப்பிரியா விளையாட்டாக என் பெயரை நிரப்பி அனுப்பிவிட்டாள். கூப்பிட்டார்கள், போனேன். நேர்முகத்தில் கையைத் தூக்கிச் சுவரில் ஒரு கோட்டைத் தொடச் சொன்னார்கள். பாதிப் பெண்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். மேல்தட்டிலிருந்து புடவை எடுத்துப் பழகிய கை இது, ஒரே எட்டில் தொட்டுவிட்டேன்.

இனி ஏழு வாரம். தேறினால் சீருடை. தேறாவிட்டால்? கடையில் என் இடத்துக்கு மறுநாளே ஆள் போட்டுவிட்டார்களாம்.

பிப்ரவரி 5, புதன்

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கால் வலிக்கவே இல்லை. அதுதான் புதுசு.

பிப்ரவரி 11, செவ்வாய்

வகுப்பிலேயே சின்னவள் சைமா. இருபது வயது. பூந்தமல்லியிலிருந்து வருகிறாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டை மறித்து வைத்திருப்பதால் தினமும் அவளுக்கு ஒரு புதுக் கதை இருக்கும். பெரியவளும் சின்னவளும் என்று எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மை தீட்ட வரவில்லை. கண்ணுக்கு மேலே கோடு போட்டால் கோலத்தில் ஆடு நடந்த மாதிரி ஆகிவிடுகிறது. சைமாதான் தாடையைப் பிடித்துக்கொண்டு போட்டுவிடுகிறாள். அவளுக்கு ஹீல்ஸ் போட்டு நிற்க வரவில்லை. இன்று கழிப்பறையில் போய் அழுதாள். நிற்பதில் நான் எம்.ஏ. முடித்தவள் ஆயிற்றே - முட்டியைப் பூட்டாதே, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு யாருக்கும் தெரியாமல் மாற்று என்று சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பிடித்துக்கொண்டாள்.

நாலு வருடம் பறந்துவிட்டு மேலே படிக்கப் போகிறாளாம். நான் எத்தனை வருடம் என்று கேட்டாள். அவர்களே போகச் சொல்லும் வரை என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

தோற்றுவிட்டேன்.

ஒரு பெரிய கொட்டகைக்குள் விமானத்தின் வயிற்றை மட்டும் வெட்டி வைத்த மாதிரி ஒன்று இருக்கிறது. இருக்கை, கதவு, மணி எல்லாம் உண்டு. பறக்காது, ஆட்டம் மட்டும் போடும். நம் வகுப்புப் பிள்ளைகளே பயணிகளாக உட்காருவார்கள். இன்றைய தேர்வு சுலபமானது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பலமாக ஆடும், விமானி அறிவிப்பார், பணியாளர் எங்கே இருந்தாலும் உடனே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். மறு அறிவிப்பு வரும் வரை எழக்கூடாது. அவ்வளவுதான். மற்ற பதினெட்டுப் பேரும் தேறிவிட்டார்கள்.

நானும் உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டேன். மூன்றாம் வரிசையில் பயணியாக நடித்த ஒரு பெண் இருமினாள். இருமிக்கொண்டே கையைத் தூக்கி, மேடம், தண்ணி என்றாள். பெல்ட்டை எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. கையில் டம்ளரோடு அவள் பக்கத்தில் நிற்கிறேன். முகத்தில் கடைச் சிரிப்பு வேறு. எழில் சார் கடிகாரத்தை நிறுத்தினார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்:

"நீங்க விழுந்து மண்டை ஒடஞ்சா, அப்புறம் கதவைத் திறந்து நூத்தெண்பது பேரை யாரு வெளியே அனுப்புறது? தண்ணி கேட்டவங்களா?"

டம்ளரைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த செவ்வாய். அதிலும் விட்டால் வீட்டுக்கு. முதல் நாளே கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

எனக்கு நானே திட்டு: இன்னாடி பண்ணிட்ட சாமுண்டி? உக்காருன்னா உக்கார வேண்டியதுதானே. குழந்தை கூட உக்காரும். தீ அணைக்கிறதுல பாஸ், முதலுதவியில முதல் மார்க்கு, இங்கிலீஷ்ல அறிவிப்பு படிக்கிறதுல பாஸ் - உக்கார்றதுல ஃபெயிலு. வெளியே சொன்னா சிரிப்பாங்க.

எனக்கே சிரிப்பு வருகிறது.

பிப்ரவரி 22, சனி

ரயிலில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன் என்பதை வில்லிவாக்கத்தில்தான் கவனித்தேன். உடனே உட்கார்ந்தேன். கொரட்டூர் வந்துவிட்டது.

யோசித்தால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடையில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம், அதுதான் உட்காரும் நேரம். உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. நாங்கள் அதன் மேல் அட்டைப்பெட்டி அடுக்கினோம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாடிப்படியில் வாடிக்கையாளர் தலை தெரிந்தால் எழுந்து நிற்காத கால் எங்கள் யாருக்கும் இல்லை. ஒருவர் கேட்கும்போது உட்கார்ந்திருப்பது திருட்டு மாதிரி. எனக்கு அப்படித்தான் பழக்கம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று வீட்டிலேயே விமானம் ஓட்டினோம். ஏற்பாடு தேவி. சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, என்னை உட்கார வைத்து, அவளுடைய துப்பட்டாவால் இடுப்பில் கட்டினாள். அவள் அப்பாதான் பயணி. அவர் சாப்பிடுவார், கேட்பார். நான் எழக்கூடாது.

என் கணவர் வரதன் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் மிஷின் ஓட்டுகிறவர். நடிக்கச் சொன்னால் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் பிய்த்து உதறிவிட்டார். ரசம் கேட்டார், எழுந்தேன். அப்பளம் கேட்டார், எழுந்தேன். உப்பு என்று முணுமுணுத்தார், துப்பட்டாவோடு நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. தேவி தலையில் அடித்துக்கொண்டு, அம்மா, பெல்ட் சைன் இன்னும் அணையல என்றாள்.

நாலாவது தடவை அவருக்கு நிஜமாகவே விக்கல் வந்தது. நடிப்பில்லை, கண்ணில் தண்ணீர். நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். தானே எழுந்து போனார். எந்த டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரியை உருட்டி, பாதியைத் தரையில் கொட்டி, மீதியைக் குடித்துவிட்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. என்னையே பார்த்தார்.

"பதினஞ்சு வருசம் ஆச்சு. நான் துன்னும்போது நீ குந்திகினு இருந்து நான் பாத்ததே இல்ல தெரியுமா. குந்து. இன்னும் கொஞ்ச நேரம் அப்டியே குந்து."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. துப்பட்டா கட்டிய நிலையில் அழுவது எவ்வளவு அசிங்கம்! தேவி வேறு போட்டோ எடுத்துவிட்டாள். அவர் மோரை ஊற்றி மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மறுதேர்வு. பயணியாக நடிக்க எழில் சார் வேண்டுமென்றே சைமாவைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெண் என்னமாய் நடித்தாள்! மூச்சுத் திணறுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அக்கா... ஒரு வாய் தண்ணிக்கா" என்று அவள் கெஞ்சியபோது என் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது. உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தேன். அவள் கண்ணைப் பார்த்து, உரக்க, "பெல்ட்டைப் போடுங்க, தலையைச் சாய்ங்க, இதோ அடங்கிடும்" என்றேன். அறிவிப்பு வந்த பிறகுதான் எழுந்தேன். முதலில் தண்ணீர்தான் கொண்டுபோனேன்.

தேறிவிட்டேன். தேறிவிட்டேன்! சார் தாளில் ஒரு டிக் போட்டார். சைமாதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் செத்துட்டிருந்தாலும் நீ வந்திருக்க மாட்ட இல்லக்கா என்று கேட்டாள். மெட்ரோ ஸ்டேஷன் வரை அதையே சொல்லிச் சிரித்தோம்.

மார்ச் 14, வெள்ளி

புகைக்குள் நுழைந்து வெளியேறும் பயிற்சி. சைமா நோன்போடு செய்தாள். எனக்கு இருமல்.

மார்ச் 29, சனி

சீருடை வந்துவிட்டது. போட்டுக்கொண்டு வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம்தான். அழகாக இருக்கிறேன், நானே சொல்லிக்கொள்கிறேன். மார்பில் பெயர்ப்பட்டை. சாமுண்டீஸ்வரி முழுசாக அடங்கவில்லை, ஈஸ்வரி மட்டும்தான் ஏறியிருக்கிறது. வரதன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஊட்டுக்குள்ள ஏரோப்ளேன் பூந்த மாதிரி கீது என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பூந்தமல்லியிலிருந்து சைமாவும் அவள் அம்மா ரோஷன் பேகமும் தூக்கு நிறையப் பிரியாணியோடு வந்தார்கள். ரோஷன் பேகத்துக்கு என் வயதுதான், ஒரு வயது கூடுதல். மகளோடு ஒரே வகுப்பில் படித்தவளைப் பார்க்க வேண்டும் என்று வந்தாராம். பேசிக்கொண்டே இருந்தோம். போகும்போது, வயசு கேட்காத வேறு வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்க என்றார். விளையாட்டா, நிஜமா தெரியவில்லை. சொல்வேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பறக்க ஆரம்பித்து இன்று பன்னிரண்டாவது நாள். காலை மதுரை விமானம். முன்கதவோரம் நான், பின்னால் சைமா.

முதல் வரிசையில் ஒரு பெரிய மனிதர். வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, விரலில் கனத்த மோதிரம். ஏறும்போதே, வாசலில் ஐந்தாறு பேர் வந்து வழியனுப்பியிருப்பார்கள் என்கிற தோரணை. விமானம் நகர்ந்ததும் கைப்பிடியைப் பிடித்தவர் விடவே இல்லை. முதல் பயணம் போல.

மதுரையை நெருங்கும்போது கோடைமழை மேகம். தூக்கிப் போட்டது, இதுவரை நான் பார்க்காத ஆட்டம். அறிவிப்பு வந்தது. கதவோரம் சுவரில் மடிந்திருக்கும் எங்கள் இருக்கையை இறக்கி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினேன். அந்த இருக்கை பயணிகளைப் பார்த்தபடி இருக்கும். அவரும் நானும் நேருக்கு நேர். அவர் முகம் வேர்த்து ஊற்றியது. வா என்று கையை ஆட்டினார். தாயி, தாயி என்று உதடு அசைந்தது.

பாவமாக இருந்தது. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. போகவில்லை. அவர் பெல்ட்டைச் சுட்டிக் காட்டினேன். மூச்சை இழுத்து விடுங்கள் என்று நானே இழுத்து விட்டுக் காட்டினேன். அவரும் இழுத்தார், விட்டார். சக்கரம் தரையைத் தொடும் வரை அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். அது அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க அசையாம உக்காந்திருந்தீங்கல்ல, அதப் பாத்துத்தான் தாயி நானும் உக்காந்திருந்தேன். நீங்க எந்திரிச்சு ஓடி வந்திருந்தா, சரி, கத முடிஞ்சுதுன்னு அலறியிருப்பேன்."

சின்னப் பிள்ளைகளாக இருந்தால் தனக்கு நம்பிக்கை வந்திருக்காது, அனுபவப்பட்ட முகத்தைப் பார்த்ததும்தான் தைரியம் வந்தது, பதினைந்து வருட சர்வீஸாவது இருக்குமா என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் என்றேன். அதற்குள் சைமா பின்னாலிருந்து வந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். எனக்கும் பன்னிரண்டுதான், ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்தோம் என்றாள் அவள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். படியில் இரண்டு அடி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"நல்லவேளை, எறங்குறப்போ சொன்னீங்க."

அடுத்த பயணிகள் ஏற இருபத்தைந்து நிமிடம் இருந்தது. சைமா சிரித்துக்கொண்டே கடைசி வரிசையிலிருந்து பெல்ட்டுகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் முதல் வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து போனேன்.