வீட்டில் இன்னொரு மெல்கியோர்

பிலடெல்பியா, செப்டம்பர் 1754

அன்புள்ள அம்மாவுக்கு மெல்கியோர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இரும்புச் சாமான் கடை நன்றாகவே நடக்கிறது.

நேற்று கப்பலில் வந்திறங்கிய நம் ஊர் ஒட்டிலியா அக்கா கடைக்குள் வந்தாள். "அடப்பாவி, நீ சாகலையா? உனக்குக் கோயில் மணியெல்லாம் அடிச்சாச்சேடா!" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமாக நான் எழுதிய ஒரு கடிதம்கூட வரவில்லையாம். தாத்தா காலத்திலிருந்து எல்லார் பெயரும் எழுதிவரும் நம் பைபிளில், என் பெயருக்கு நேரே சிலுவை போட்டுவிட்டீர்களாம். செத்தவன் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம்தானே, தம்பி வெண்டலின் மகனுக்கு என் பெயராம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிலுவையைச் சுரண்டாதீர்கள், தாள் கிழிந்துவிடும். பெயரும் பையனிடமே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நம் பக்கம் போகிறவர் கையிலேயே கொடுக்கிறேன். அவர் இங்கே திரும்பி வரும்போது காய்ந்த பேரிக்காய் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்.

அவர் அவசரப்படுத்துகிறார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என் பச்சைக் கோட்டை மட்டும் பையனுக்கு வெட்டித் தைத்துவிடாதீர்கள், அம்மா.

உங்கள் பெரிய மெல்கியோர்