நோனிச் சாறும் சாகாத கட்டியும்

அன்புப் பேத்தி நிரோஷாவுக்கு,

உன் அண்ணன் கௌதம் கப்பலில் இன்ஜின் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தங்கை சௌமியா பன்னிரண்டாவதில் கச்சால் தீவிலேயே முதல். நீயோ சென்னையில் மார்புப் புற்றை ஆராய்ச்சி செய்கிறாய். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இந்தப் பெருமை போதும்.

போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பழுதான செல் தானாகவே செத்துவிட வேண்டும், அதற்கான உத்தரவு அதற்குள்ளேயே இருக்கிறது. புற்றில் ஏதோ ஒரு புரதம் கூடிப்போய் அந்த உத்தரவை மறித்துவிடுகிறது என்றாய். நம் தோட்டத்து ரப்பர் மரம்கூடத் தை மாதம் வந்தால் யாரும் சொல்லாமலே இலையை உதிர்க்கிறது. இந்தச் சனியனுக்கு அந்த மானம்கூட இல்லை.

ஆமாம், எனக்குத்தான் வந்திருக்கிறது. இடது மார்பில். நாலு மாதமாகிறது.

பக்கத்து லைன் வீட்டுச் சொர்ணம்மாவிடம் மட்டும் காட்டினேன். "டாக்டர்ட்ட போனா அறுத்துருவாங்க அக்கா. நோனிப் பழச் சாறு குடி, கரைஞ்சிரும்" என்றாள். அழுகின பழத்தின் நாற்றம் அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். நெல்லிக்காயாக இருந்த கட்டி எலுமிச்சை ஆனதுதான் மிச்சம். இப்போது நீர் கசிந்து ரவிக்கை நாறுகிறது. என்னை நானே தொட அருவருப்பாக இருக்கிறது. அவள் நேற்றும் வந்து, "இன்னும் ரெண்டே பாட்டில் அக்கா" என்றாள். பாட்டிலோடு வெளியே போடி என்றேன்.

பெற்ற மகனிடம் இந்த இடத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. உன் அப்பாவிடம் நீயே சொல். அவன் டிக்கெட் எடுத்தால் அடுத்த கப்பலிலேயே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அறுத்தாலும் சரி.

உன் புதுப் படம் ஒன்றைத் தபாலில் போடு. சுவரில் இருப்பதில் நீ இரட்டைச் சடைப் பள்ளிக்கூடப் பிள்ளை. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இதை எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அப்பாயி